கையொப்பம் ஒன்றுக்காக இணுவிலுக்கு ஏழு தரம் போனது பற்றி

உடுவில் மேற்கு,
17.11.2024, ஞாயிறு, ஆராதனை முடிந்த பிற்பாடு.

என்றும் அன்பு குறையாத தங்கை ஐரிஸ் அறிவது,

ஆண்டவருடைய காருண்யத்தால் நானும் மகன் தனுஷனும் மருமகள் றொசாந்தியும் இங்கே நலம். லண்டனில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் குளிருக்குள் தடிமன் பிடிக்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். மாரி தொடங்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் அரைவாசிக்கு மேலே வந்துவிட்டது. என் இடது முழங்கால் வழமைபோல. நிற்க.

நீ முந்தநாள் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் தகவலை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். "அண்ணை, உந்த இணுவில் ரீச்சர் ஆர்? அவ செத்ததுக்கு நீங்கள் ஏன் பஸ்ஸுக்கை இருந்து அழுதனீங்கள்? எங்களுக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று கேட்டிருந்தாய். ரெலிபோனில் விளக்கம் சொல்ல வெளிக்கிட்டால் நீ நடுவில் புகுந்து கதைப்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆகவே கடிதமாக எழுதுகிறேன். ரீச்சர் சாகவில்லை. நான் அழவில்லை, அது மழைத்தண்ணீர். மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசி.

றொசாந்தி வீட்டில் இருந்து தையல் தைப்பது உனக்குத் தெரியும். சாறிச் சட்டையும் பருத்தித் துணிக் கவுணும் தைக்கிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு ஓடர்கள் வர வேண்டும் என்று புரட்டாதியில் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள். உடுப்பைக் கொடியில் தொங்கவிட்டுப் படமெடுத்தால் ஒருவரும் திரும்பியும் பார்க்கிறார்கள் இல்லையாம். ஆட்கள் போட்டுக்கொண்டு நிற்க வேண்டுமாம். கொழும்பு மொடல்மாருக்கு நாங்கள் எங்கே போவது? தைக்கக் கொடுத்தவர்களையே எங்கள் கொய்யா மரத்தடியில் நிற்பாட்டிப் படமெடுத்தாள். எல்லாரும் ஆசையாகத்தான் நின்றார்கள். அதில் கோபிகா என்று ஒரு பிள்ளை, திருநெல்வேலியில் கம்பஸ் படிக்கிறவள், மஞ்சள் கவுணில் கொய்யாப்பழம் கடித்தபடி நின்ற படம் எல்லாவற்றுக்கும் முன்னே போடப்பட்டது. படத்தில் நாளும் நேரமும் விழுந்திருந்தன. அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருப்பதாகத் தாய்க்குச் சொல்லியிருந்ததாம்.

தாய் அடுத்தநாள் விடியவே கோண்டாவிலிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார். "என்ரை பிள்ளையை ஆரைக் கேட்டு உலகம் முழுக்கத் தொங்கவிட்டனீங்கள்?" என்று படலையில் நின்றபடி கேட்டார். நான் உள்ளே இருந்து, "பிள்ளை தானே நிண்டது" என்று ஒரு சொல் சொல்லப் போனேன். றொசாந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

அன்று முழுவதும் மருமகள் சாப்பிடவில்லை. பின்னேரம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, படம் எடுக்க நிண்டவள்தான். ஆனால் அதை ஊருலகத்துக்குக் காட்டட்டோ எண்டு நான் அவளைக் கேக்கேல்லை. ஒருத்தரையும் கேக்கேல்லை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். இருபத்திமூன்று படங்களையும் எடுத்துப் பக்கத்தைப் பூட்டிவிட்டாள். இனி ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கின பிறகுதான் திறப்பது என்று முடிவெடுத்தாள். அவள் செய்தது முழுக்கச் சரி என்று எனக்குப் பட்டது. காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்திநான்கு வருடம் இருந்தவன் வீட்டில் சும்மா இருக்கையில் ஒரு பத்திரம் எழுத வேறு ஆள் ஏன்? நானே எழுதினேன். முக்கியமான பகுதியை உனக்காகப் பார்த்து எழுதுகிறேன்:

"இதன்கீழ் ஒப்பமிடும் நான், எனக்கே சொந்தமானதும் இதுவரை எவ்வித வில்லங்கமும் அற்றதும், வடக்கே தலைமயிர், தெற்கே நாடி, கிழக்கேயும் மேற்கேயும் காதுகள் எல்லைகளாக உடையதுமாகிய எனது முகத்தையும், அதனுள் அடங்கிய கண், மூக்கு, வாய் மற்றும் சகல தேட்டங்களையும், மேற்படி இணையப் பக்கத்தில் சூரிய சந்திரர் உள்ளவரை காட்சிப்படுத்தப் பூரண சம்மதம் அளிக்கிறேன்."

றொசாந்தி வாசித்துவிட்டு, "மாமா, இதென்ன, முகத்தை ஈடு வைக்கிறமோ?" என்றாள். சிரித்தாள் என்பதுதான் முக்கியம். இரண்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

பத்திரத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். பக்கத்து வளவு மரியரட்ணம் அக்கா, சொத்துப் பத்திரங்களில் வருகிற "தேட்டம்" என்ற சொல்லைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். மகள் பேருக்கு எழுதின வீட்டைப் பறிக்கப் பார்க்கிறோம் என்று நினைத்துச் சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும் என்றார். காட்டினார். அந்தச் சட்டத்தரணி இரண்டு கிழமை வைத்து வாசித்தார். இன்னொரு படத்தில் பின்னால் புல்லுக்கட்டோடு சைக்கிள் உருட்டிக்கொண்டு போகிறவர் செல்வரட்ணம் என்று கண்டுபிடித்து அவரிடமும் போனேன். அவர் பத்திரத்தை வாசிக்கவே இல்லை. "எனக்கு ஒரு தடையும் இல்லை அண்ணை. ஆனால் முன்னுக்கு நிக்கிற அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் விலத்திப்போட்டு என்னை வடிவாத் தெரியிறமாதிரிப் போடுங்கோ" என்றார். கவுண் விற்கிற பக்கம் என்று சொல்லியும் விடவில்லை.

இந்த நிலையில்தான் ரீச்சர் வருகிறார். பெயர் குணலட்சுமி. இணுவிலில் கந்தசுவாமி கோயிலுக்குக் கிட்ட வீடு. கணக்குப் படிப்பித்து இளைப்பாறியவர். வயது அறுபத்தொன்று. கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, பத்திரத்துக்கு அது தேவையில்லை. றொசாந்தியிடம் கடும் நீலத்தில் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். போட்டுப் பார்க்க வந்த அன்று எங்கள் விறாந்தையில் நின்று வலது கையை உயர்த்திப் பார்த்தார். கை தடையில்லாமல் உயர்ந்தது. "முப்பத்தைஞ்சு வருசம் கரும்பலகையிலை எழுதினன். ஒரு சட்டையாவது அக்குளுக்கை இழுக்காமல் இருந்ததில்லை. இப்ப சட்டை சரிவந்திருக்கு, பலகையைத்தான் காணேல்லை" என்று சொல்லிக் கையை உயர்த்தினபடி சிரித்தார். அந்த நொடியில் றொசாந்தி படத்தை எடுத்துவிட்டாள்.

ஐரிஸ், நான் படம் பார்க்கத் தெரிந்தவன் அல்ல. ஆனால் அந்தப் படம் வடிவான படம். றொசாந்தி, "மாமா, பக்கத்தைத் திறந்தால் இந்தப் படம்தான் மேலை நிக்கோணும். ரீச்சரிட்டை உங்கடை பத்திரத்திலையும் ஒருக்கா வாங்குங்கோ" என்றாள். நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் தரம் ரீச்சரின் நாய் ரைகர் என்னைப் படலைக்குள் விடவில்லை. ரீச்சர் படலைக்கு மேலால் பத்திரத்தை வாங்கிச் சிவப்புப் பேனையால் பதினொரு பிழைக்குக் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். "இதிலை கையெழுத்து வைச்சால் உந்தப் பிழையளை நான் ஏற்றுக்கொண்டதாய் வரும், மிஸ்ரர் செபநாயகம்." எனக்கு முகம் விழுந்துவிட்டது. முப்பத்திநான்கு வருடத்தில் என் எழுத்தில் ஒருவரும் கோடு போட்டதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பதினொன்றும் பிழைதான்.

திருத்திக்கொண்டு போனேன். இந்த முறை சூரிய சந்திரரில் நின்றுவிட்டார். "சந்திரன் உள்ளவரை எண்டால் நான் செத்தபிறகும் சிரிச்சுக்கொண்டே நிக்கோணுமோ?" நியாயமான கேள்வி. ஒரு வருடம் என்று மாற்றினேன். அடுத்த தரம் கதிரை தந்தார், தேத்தண்ணியும் தந்தார். பனங்கட்டியை நுனியில் கடித்துக் கடித்துக் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "இடையிலை எனக்கு மனம் மாறினால் எடுக்கச் சொல்லலாமோ?" இதை நான் யோசித்தே இருக்கவில்லை. காணியை எழுதினால் எழுதினதுதான். முகம் அப்படி இல்லையே! எப்போது வேண்டாம் என்றாலும் அன்றே நீக்கப்படும் என்று ஒரு வாசகம் சேர்த்தேன். வீட்டில் றொசாந்தி அதை வாசித்து, "இதுதான் மாமா முதல் எழுதியிருக்க வேண்டியது" என்றாள். மற்ற எல்லாரின் பத்திரத்திலும் அதைச் சேர்த்து மறுபடி கையொப்பம் வாங்கினேன். மரியரட்ணம் அக்காவின் சட்டத்தரணிக்கு மறுபடி வேலை வந்தது.

நாலாம் தரம், "என்னட்டை அடி வாங்கின பெடியளும் இதைப் பாப்பினமே?" என்றார். பார்ப்பார்கள் என்றேன். யோசிக்க வேண்டும் என்றார். ஐந்தாம் தரம் அடைமழை. பத்திரம் நனைந்து மை கரைந்துவிட்டது. ஆகவே அன்று வேலை ஒன்றும் நடக்கவில்லை. மழை விடும்வரை விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். உன் மச்சாள் கண்ணை மூடி ஆறு வருடம். அவவுக்குப் பிறகு நான் அவ்வளவு நேரம் ஒருவரோடும் கதைக்கவில்லை என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் தெரிந்தது. என்ன கதைத்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெருக்கல் வாய்பாட்டில் ஏன் பிள்ளைகள் ஏழாம் வாய்பாட்டுக்கே பயப்படுகிறார்கள் என்பது பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். இதற்கிடையில் ரைகர் என்னைக் கண்டால் குரைப்பதை விட்டுவிட்டது. முன்வீட்டுச் சனம் அதைக் கவனித்துத்தான் முதல் கதையைக் கட்டியது. நாய் குரைக்காவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய?

ஆறாம் தரம், "போனிலை காட்டினால் எனக்குக் கண் தெரியாது. கடதாசியிலை கொண்டுவாங்கோ, பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்றார். திருநெல்வேலியில் பலாலி வீதியோடு இருக்கிற ஒரு ஸ்ரூடியோவில் படத்தைக் கொடுத்தேன். சனிக்கிழமை வரச் சொன்னார்கள். சனிக்கிழமை சந்தைக்குப் போகிற சாட்டில் மினிபஸ்ஸில் போனேன். பஸ் ஸ்ரூடியோவைத் தாண்டுகிறது. யன்னலால் பார்க்கிறேன். கடையின் முன்கண்ணாடிக்குள், இரண்டு கலியாணப் பொம்பிளைகளுக்கு நடுவில், இரண்டரை அடி உயரத்தில், சட்டம் போட்டு, குணலட்சுமி ரீச்சர் கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்!

"இறக்கம்! இறக்கம்!" என்று நான் கத்தின கத்தில் சாரதி பிறேக் போட்டார். ஓடினேன். முழங்கால் இருந்ததே ஞாபகமில்லை. ஸ்ரூடியோக்காரர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே வந்தார். "ஐயா, நீங்கள் கேட்டது சின்னப் படம். ஆனால் படம் வடிவாய் இருந்தபடியால் பெரிசாய் ஒண்டு எங்கடை ஆசைக்கு அடிச்சுப் போட்டிருக்கிறம். ரெண்டு நாளாய்ச் சனம் நிண்டு பாத்துப்போட்டுப் போகுது." நான் கேட்டேன், "ஆரைக் கேட்டுப் போட்டனீர்?" கேட்டபோதே கோபிகாவின் தாயின் குரல் என் வாயால் வருவது எனக்கே கேட்டது. பிழை அவருக்கும் விளங்கியது. உடனே கழற்றி, மன்னிப்பும் கேட்டு, சட்டத்தோடு என் கையில் தந்துவிட்டார்.

இனித்தான் நீ கேள்விப்பட்ட சங்கதி. வெளியே மழை தூறத் தொடங்கியது. படம் நனையக்கூடாதென்று குடையைப் படத்துக்குப் பிடித்தேன். நான் நனைந்தேன். அந்தக் கோலத்தில் மினிபஸ்ஸில் ஏறி, மடியில் படத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தேன். வயதுபோன ஒரு மனிதன், தலையிலிருந்து தண்ணீர் வடிய, சட்டம் போட்ட ஒரு அம்மாவின் பெரிய படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனால் யாழ்ப்பாணத்தில் சனம் என்ன நினைக்கும், நீயே சொல். பக்கத்தில் இருந்த பெண்மணி என் கையைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்: "அம்மா எப்ப மோசம் போனவ?"

"இல்லை, இல்லை, அவ இருக்கிறா" என்றேன்.

"ஓம் ஐயா, எங்களோடைதான் இருப்பா" என்று அவர் கண்ணைத் துடைத்தார்.

நடத்துநர் ரிக்கற் காசு வாங்கவில்லை. பின் இருக்கையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் எட்டிப் பார்த்து, "ஐயோ, எங்கடை கணக்கு ரீச்சர்!" என்று அலறினார். "என்னைப் பாஸ் பண்ண வைச்சதே அவதான்!" என்று உடனே போனை எடுத்து நாலு பேருக்குச் சொன்னார். அதில் ஒருவர் கனடாவில் இருக்கிறாராம், ஒருவர் லண்டனில். உனக்கு எந்த வழியால் சேதி வந்தது என்று இப்போது விளங்குகிறதா? "தம்பி, அவ சாகேல்லை! இது அனுமதி எடுக்கக் கொண்டு போற படம்!" என்று நான் எழுந்து நின்று சொன்னேன். "அதிர்ச்சி. பாவம், விளங்காமல் கதைக்கிறார், இருத்துங்கோ" என்று என்னைப் பிடித்து இருத்திவிட்டார்கள்.

கோண்டாவில் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்து இணுவிலுக்குப் போனால், ரீச்சரின் படலையில் எனக்கு முன்னமே மூன்று பேர். ஒருவர் பூமாலையோடு. ரீச்சர் விளக்குமாறும் கையுமாக முற்றத்தில் நின்று, "நான்தான், நான்தான், உள்ளை வாங்கோ" என்று அவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். பூமாலையோடு வந்தவர் பழைய மாணவர். ரீச்சரைக் கண்டதும் விக்கி விக்கி அழுது காலில் விழுந்தார். நான் படத்தோடு போய்ச் சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

எல்லாரும் தேத்தண்ணி குடித்துப் போன பிறகு நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அனுமதி இல்லாமல் படம் இரண்டு நாள் வீதியில் தொங்கினது என் கவலையீனம் என்றும், வேண்டாம் என்றால் இப்போதே படத்தை உடைத்துவிடுவதாகவும் சொன்னேன். ரீச்சர் படத்தைக் கதிரையில் சாத்தி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அடையாள அட்டைப் படத்திலை என்னைப் பாத்தால் எனக்கே பயமாயிருக்கும். இது ஆரெண்டு பாக்கிறன்" என்றார். பிறகு, "இவ்வளவு பேர் அழுதுகொண்டு வருவினம் எண்டு எனக்குத் தெரியாது, செபநாயகம்" என்றார். மிஸ்ரர் போடவில்லை. சிரிக்கத் தொடங்கினவர் நிறுத்தவே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். முன்வீட்டுச் சனம் வேலியால் எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

கையொப்பம் வைத்தார், சிவப்புப் பேனையால். பெயரும் வயதும் சரியாகப் போட வேண்டும், முகத்துச் சுருக்கம் ஒன்றையும் அழிக்கக்கூடாது என்று இரண்டு நிபந்தனை. போன திங்கள் பக்கம் திறந்தது. ரீச்சரின் படம் மேலே நிற்கிறது. கை உயர்த்தக்கூடிய அந்தச் சட்டை வேண்டும் என்று எத்தனை ஊர் ரீச்சர்மார் எழுதுகிறார்கள் என்று நீ கேட்டால் நம்பமாட்டாய். றொசாந்தி இன்னொரு மெசின் பார்க்கிறாள். கோபிகாவும் தாயோடு வந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம், வகுப்பில்லாத நேரம் பார்த்துப் புதுப் படம் எடுத்துக்கொண்டு போனாள். இந்த முறை தாயும் பக்கத்தில் நிற்கிறார், பச்சைச் சாறியில்.

ஆகவே தங்கச்சி, ஏழு தரம் போனதும் முழுக்க உத்தியோகபூர்வமான அலுவல். என் கெட்டித்தனத்தாலும் பொறுமையாலும்தான் அந்தக் கையொப்பம் கிடைத்தது, பக்கமும் திறந்தது. இப்போதும் கிழமைக்கு இரண்டு தரம் போகிறேன் என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மைதான். சம்மதம் மாறவில்லையா என்று அடிக்கடி கேட்டு உறுதிப்படுத்துவது என் கடமை. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தில் ரீச்சரின் பெயர் வருவதால், ஒட்ட முன் அவரிடம் காட்டிச் சம்மதம் பெற்றே அனுப்புவேன். மச்சானுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன்னையும் உன் வீட்டையும் ஆண்டவர் தமது செட்டைகளின் நிழலில் காத்துக்கொள்வாராக.

உன் பிரியமுள்ள அண்ணன்,
செபநாயகம்.

பி.கு. (சிவப்பு மையில், வேறு கையெழுத்தில்)

ஐரிஸ் அவர்களுக்கு வணக்கம். கடிதம் வாசித்தேன். அனுப்பச் சம்மதம். எழுத்துப்பிழை ஆறு, திருத்தியிருக்கிறேன். தகவல் பிழை ஒன்று உண்டு, அதை நானே சொல்ல வேண்டும். விறாந்தையில் படம் எடுத்த அன்றே றொசாந்தி என்னிடம் முறையாகக் கேட்டாள். நான் அங்கேயே ஒரு கொப்பி ஒற்றையில் இரண்டு வரி எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டேன். பக்கம் பிந்தியது மரியரட்ணம் அக்காவின் சட்டத்தரணியால், என்னால் அல்ல. அடுத்தநாள் உங்கள் அண்ணன் குடையும் பத்திரமுமாகப் படலையில் நின்றபோது இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். பிழைகளைக் கண்டதும் கை தானாகச் சிவப்புப் பேனையைத் தேடியது. திருத்திக்கொண்டு மறுபடி வந்தார். அதற்குப் பிறகு சொல்ல மனம் வரவில்லை. பின்னேரத்தில் தேத்தண்ணி குடிக்க ஓர் ஆள் வருவது எனக்கு விருப்பமாக இருந்தது.